பிரிந்து வருபவரின் ஆயத்தம்

1653 ஜனவரி 3. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையைச் சுற்றி மார்த்தோமா கிறிஸ்தவர்கள் திரண்டு நின்றார்கள். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய எல்லோருக்கும் இடம் போதவில்லை. அதனால் அதில் கயிறுகளைக் கட்டி நாலாபக்கமும் நீட்டி, ஆளுக்கொரு பிடி பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கூனன் குருசு சத்தியம் என்பது இதன் பெயர். சத்தியத்தின் வாசகம் என்ன என்பதில் சபைகளுக்குள் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. பேராயர் பிரான்சிஸ் கார்சியாவையும் இயேசு சபைப் பாதிரிமாரையும் மட்டுமே விலக்கினார்கள் என்பது கத்தோலிக்கர் தரப்பு. ரோமையின் அதிகாரத்தையே விலக்கினார்கள் என்பது மற்றவர் தரப்பு. இனி இவர்கள் நமக்கு மேய்ப்பர்கள் அல்லர் என்று ஊர் கூடி முடிவெடுத்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

வெளியேறுவதற்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. வெளியேறியவர்கள் தங்களுக்கென ஒரு திருச்சபையாக நிலைபெற நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. புதுச் சபை ஒன்றைத் தொடங்க ஒருவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்ற கேள்வியை எடைபோட இதைவிடப் பொருத்தமான வரலாறு நம் பக்கத்தில் வேறில்லை.

கேள்வி பழங்கதையும் அல்ல. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஞாயிறு காலையில் மாடிக் கூடங்களிலும் வாடகை மண்டபங்களிலும் புதிது புதிதாகச் சபைகள் கூடுகின்றன. பெரும்பாலும் தொடக்கம் ஒன்றுபோல இருக்கும். இருந்த சபையில் ஒரு மனக்கசப்பு. நாலைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கின்றன. அவர்களில் ஒருவருக்கு வசனம் நன்றாகப் பேச வருகிறது. ஆண்டவர் தனக்குத் தரிசனம் தந்தார், ஊழியத்துக்கு அழைத்தார் என்கிறார். பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஸ்பீக்கரும் கீபோர்டும் வந்து சேர்கின்றன. ஆறு மாதத்தில் வாசலில் ஒரு பெயர்ப்பலகை. அவர் நேர்மையற்றவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது; அநேகமாக அவர் நம்பிச் சொல்வதையே சொல்கிறார். அந்த நம்பிக்கை பிறரைக் கூட்டிச் சேர்க்கப் போதுமான அத்தாட்சியா என்பதுதான் கேட்க வேண்டியது.

ஏனெனில் சபை என்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம், பெண்ணுக்குக் கல்யாணம், பெற்றவர்களுக்கு அடக்கம் மூன்றையும் நம்பி ஒரு குடும்பம் அதில் சேர்கிறது. பேச்சால் ஈர்க்கப்பட்டு வந்த குடும்பத்துக்கு மூன்றாவது விஷயம் சாவு விழுந்த அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். புதுச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் இருக்காது. அப்பாவின் உடலை நடுவீட்டில் கிடத்திவிட்டு, மூத்த மகன் விட்டுவந்த சபையின் ஆயரைப் பார்க்கப் போகிறான். அவர் கேட்கும் முதல் கேள்வி சந்தா பாக்கியைப் பற்றியதாகவும் இருக்கலாம். அந்நேரம் புதுச் சபையின் போதகர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்தால் அவருடைய ஆயத்தம் தெரிந்துவிடும். பழைய சபையின் ஆயரோடு பேச்சுவார்த்தையை அறுத்துக்கொண்டவரால் அந்த மகனுக்காக ஒரு வார்த்தை பேச முடியாது.

மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றலாம். மட்டாஞ்சேரியில் சத்தியம் செய்தவர்களின் வழிவந்த ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் தரப்புகளுக்கு இடையிலான வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அடக்கம் செய்வதே பல ஊர்களில் தகராறாகியது. கடைசியில் 2020இல் கேரள அரசு இந்த இரு தரப்பாரின் கல்லறைகளில் அடக்கம் செய்யும் உரிமைக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பிரிவினையின் கணக்கு கடைசியில் இறந்தவர்களின் தலைமேல் வந்து விடிகிறது.

மீண்டும் 1653. அன்றைக்கு இருந்த மனக்குறை உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1599 ஜூனில் கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனெசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், இந்தச் சமூகத்தின் சுரியானி வழிபாட்டையும் நூல்களையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தியது. பல நூல்கள் அழிக்கப்பட்டன. பாரசீகத்திலிருந்து ஆயர்கள் வருவது நின்றுபோனது. சமூகத்தின் உள்ளூர்த் தலைவரான அர்க்கதியாக்கோனின் அதிகாரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு அவமானம் அது. பொறுத்துப் போங்கள் என்று அவர்களிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

ஆனால் அந்தக் கூட்டத்தை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தது ஒரு வதந்தி. மேற்காசியாவிலிருந்து வந்த அகத்தல்லா என்ற ஆயர் 1652இல் மயிலாப்பூரில் இயேசு சபையாரிடம் அகப்பட்டுக்கொண்டார். அங்கே யாத்திரை போயிருந்த கேரளத்துத் தியாக்கோன்மார் மூலம் செய்தி ஊருக்கு எட்டியது. அவரைக் கோவாவுக்கு ஏற்றிச்சென்ற கப்பல் கொச்சிக்கு வந்தபோது, ஒருமுறை பார்க்கவாவது விடுங்கள் என்று சமூகம் மன்றாடியது, விடவில்லை. போர்ச்சுக்கீசியர் அவரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற பேச்சு தீயாய்ப் பரவியது. உண்மையில் அவர் கொல்லப்படவில்லை. கோவாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, ரோமுக்குப் போகும் வழியில் பாரிஸில் இறந்தார் என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு.

அன்றைய மக்களுக்குப் பாரிஸ் செய்தி தெரிய வழியில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. என்றாலும் ஓர் அறக் கேள்வி மிச்சமிருக்கிறது. புதிய தொடக்கம் ஒன்று பழைய சபையின் கொடுமையைப் பற்றிய கதையின்மேல் நிற்கும்போது, அந்தக் கதை முழு உண்மையா என்று விசாரிக்க வேண்டியவர் தலைவர்தான். கூட்டம் விசாரிக்காது, கோபத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு அவகாசமிருக்காது. இன்றைக்கும் ஒரு சபை உடையும்போது ஆயர் பணத்தைத் தின்றுவிட்டார், கமிட்டி இடத்தை விற்கப் பார்க்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும். அது தனக்குச் சாதகமாக இருக்கும்போதே நிறுத்தி, கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லத் துணிபவரிடம் மேய்ப்பருக்கான குணம் இருக்கிறது. பொய்யின் பலத்தில் கூட்டத்தைச் சேர்த்தவருக்கு அதே பலத்தில் அது கலைந்துபோவதைத் தடுக்க முடியாது.

அடுத்து நடந்ததும் கவனிக்கத்தக்கது. 1653 மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள், அதாவது உள்ளூர்ப் பாதிரிமார், அர்க்கதியாக்கோன் தோமாவின் தலையில் கை வைத்து அவரை ஆயராக்கினார்கள். முதலாம் மார்த்தோமா ஆனார். ஆயரை ஆயர்தான் அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது அவர்களே நம்பிய மரபு. அகத்தல்லாவின் கடிதம் அப்படிச் செய்ய அனுமதி தந்தது என்றார்கள். அந்தக் கடிதம் ஆஞ்ஞிலிமூட்டில் இட்டித்தொம்மன் கத்தனாரின் கைவேலையாக இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதிருந்தே உண்டு. தோமாவுக்கு ஆலோசகர்களாக நான்கு பேர் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் இட்டித்தொம்மன் தவிர மற்ற மூவரும் சில ஆண்டுகளில் ரோமையின் பக்கம் திரும்பிவிட்டார்கள். மூவரில் ஒருவரான பறம்பில் சாண்டி தோமாவின் உறவினர். 1663இன் தொடக்கத்தில், டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த கையோடு, அவரையே கார்மேல் சபையார் ஆயராக அபிஷேகம் செய்தார்கள். 116 கோயில்களில் 84 அந்தப் பக்கம், 32 தோமாவின் பக்கம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்.

தோமாவிடம் குடும்பப் பாரம்பரியம் இருந்தது. நிர்வாக அனுபவம் இருந்தது. மக்கள் அவர்மேல் பாசமாக இருந்தார்கள். இன்றைய மதிப்பீட்டுத் தாள் எதிலும் அவர் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார். இல்லாமல் போனது ஒன்று: தன்னைத் தலைவராக்கிய செயல் சரிதானா என்று கேட்கும்போது, ஆம் என்று சொல்ல, தன் தரப்பைச் சேராத ஓர் ஆளும் இல்லை. 1665இல் மார் கிரிகோரியோஸ் அப்துல் ஜலீல் என்ற சுரியானி ஆயர் வந்து சேரும்வரை அந்தக் குறை தொடர்ந்தது. தோமாவின் வழிவந்தவர்கள் மேலும் ஒரு நூற்றாண்டு அதே சந்தேகத்தைச் சுமந்தார்கள். ஆறாம் மார்த்தோமா 1770இல் நிரணத்தில் வெளிநாட்டு ஆயர்கள் கையால் திரும்பவும் அபிஷேகம் பெற்று மார் தியோனிசியோஸ் ஆனார். சத்தியம் நடந்து 117 வருடங்கள் ஆகியிருந்தன.

ஆகவே ஆயத்தமானவரா என்ற தீர்ப்பை ஒருவர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள முடியாது. அவரை நேசிப்பவர்கள் கூடி வழங்கினாலும் போதாது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், கண்காணியாக வருபவருக்கு வேண்டிய இயல்புகளைச் சொல்லும் இடத்தில், சபைக்கு வெளியே இருப்பவர்களும் அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. அதிகமாகப் பிரசங்கிக்கப்படாத நிபந்தனை அது. வெளியே இருப்பவர் யார்? பக்கத்துக் கடைக்காரர், கடன் கொடுத்தவர், வீட்டு உரிமையாளர். இவர்களோடு விட்டுவந்த சபையின் மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களைவிட அவரை நன்றாக அறிந்த வெளியாட்கள் இல்லை.

மட்டாஞ்சேரிக்கே இன்னொரு வரலாறும் உண்டு. 1772இல், தியோனிசியோஸின் அபிஷேகம் முடிந்து அதிக காலம் கழியாத நேரத்தில், அவரை அபிஷேகம் செய்தவர்களில் ஒருவரான மார் கிரிகோரியோஸ் அவரோடு மனம் முறிந்து, காட்டுமங்காட்டுக் குடும்பத்துத் துறவி ஒருவரை மட்டாஞ்சேரியில் வைத்து மார் கூரிலோஸ் என்ற பெயரில் ஆயராக்கினார். தியோனிசியோஸ் எதிர்த்தார். அரசர்கள் அவர் பக்கம் நின்றார்கள். கூரிலோஸ் கொச்சி, திருவிதாங்கூர் எல்லைகளுக்கு அப்பால் வடக்கே குன்னங்குளம் பக்கம் போய், தொழியூரில் தங்கினார். அங்கே ஒரு சின்னத் திருச்சபை உருவாயிற்று. இன்றும் இருக்கிறது, மலபார் சுதந்திர சுரியானி சபை என்று பெயர். ஓர் ஆயர், கொஞ்சம் கோயில்கள்.

தொடக்கத்தில் இதற்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயர்களுக்குள் வந்த பிணக்கில் பிறந்த சபை. ஆனால் அடுத்த தலைமுறைகள் செய்தது வேறு. 1815இல் தியோனிசியோஸின் வழிவந்த பெரிய சபையில் புலிக்கோட்டில் ஜோசப் கத்தனாரை அபிஷேகம் செய்ய ஆயர் தேவைப்பட்டது. தொழியூரின் இரண்டாம் பிலக்சினோஸ் அதைச் செய்தார். அடுத்த ஆண்டே அந்தப் புதிய ஆயர் இறந்துபோக, பெரிய சபையின் பொறுப்பு பிலக்சினோஸின் கைக்கே வந்தது. தன் முன்னோரைத் துரத்திய சபை, அரசின் அங்கீகாரத்தோடு, அவர் மடியில் வந்து விழுந்திருந்தது. அவர் 1817இல் புன்னத்ர கீவர்கீஸை அபிஷேகம் செய்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தொழியூர் திரும்பினார். 1825இல் புன்னத்ர இறந்தபோது மறுபடியும் வந்தார், சேப்பாட்டு பிலிப்போஸை அபிஷேகம் செய்தார், மறுபடியும் போய்விட்டார். பின்னாளில், பெரிய சபையிலிருந்து பிரிந்த மார்த்தோமா சபை ஆயரில்லாமல் தவித்தபோது, 1894இல் முதலாம் டைட்டஸை அபிஷேகம் செய்து கொடுத்ததும் தொழியூர்தான்.

பிரிந்து போன சபை ஒன்று, பிரிந்த இடத்தின்மேல் தனக்கு இருந்த பிடியைத் திரும்பத் திரும்பத் தளர்த்திக் கொடுத்தது. ஆயத்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கேரளத் திருச்சபை வரலாற்றில் கிடைக்குமா என்பது சந்தேகமே. புதுச் சபை தொடங்க நினைப்பவரிடம் எத்தனை பேர் உங்களோடு வருவார்கள் என்று கேட்பதைவிட, விட்டுவந்த சபை நாளை உங்களிடம் ஓர் உதவி கேட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது நல்லது. அது உங்கள் கையில் தானாக வந்து விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். பதிலில் பழிவாங்கும் நிறைவு கொஞ்சம் தெரிந்தாலும் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் புதுச் சபை நிறுவுபவர்களைத் தேர்ந்தெடுக்க, சார்ல்ஸ் ரிட்லி என்ற உளவியலாளர் 1980களில் பதின்மூன்று இயல்புகளை வகுத்தார். தொலைநோக்கு, உள்ளிருந்து எழும் உந்துதல், வாழ்க்கைத் துணையின் ஒத்துழைப்பு என்று போகும் அந்தப் பட்டியலை இன்றும் பல சபைகள் பயன்படுத்துகின்றன. உபயோகமானதுதான், மனைவியின் சம்மதத்தை ஒரு தகுதியாக எழுதிவைத்ததற்காகவே அதைப் பாராட்டலாம். நம் ஊரில் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரும் கணவரின் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்வார்கள். அடுத்த மாத ஸ்கூல் ஃபீஸுக்காக நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோன மனைவியின் சம்மதம் கேட்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் இந்த மாதிரிப் பட்டியல்கள் ஒருவரால் சபையை வளர்க்க முடியுமா என்பதையே அளக்கின்றன. முடியும் என்பதாலேயே செய்யலாம் என்று ஆகிவிடாது.

பணமும் சொத்தும் இதில் தனி இடம் பெற வேண்டியவை. ஒருவருடைய ஆயத்தத்தைப் பிரசங்கத்தில் தேடுவதைவிட டிரஸ்ட் பத்திரத்தில் தேடலாம். நிறுவனர் ஆயுட்கால அறங்காவலர், மனைவி இன்னொருவர், மைத்துனர் மூன்றாமவர், அடுத்த தலைவர் மூத்த மகன் என்று பத்திரம் சொன்னால், காணிக்கை போடுகிறவர்களை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்பது அதிலேயே இருக்கிறது. இதற்கு நேர் எதிர் முனையில் நின்றவர்களும் உண்டு. கேரளத்தில் பிறந்து சிறு வயதிலேயே இலங்கைக்குப் போன பாஸ்டர் பால், 1924இல் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனில், முழுநேர ஊழியர்கள் திருமணம் செய்துகொள்வதில்லை. சொந்தச் சொத்து வைத்துக்கொள்வதில்லை. விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். அந்தக் கடுமை எல்லோருக்கும் ஏற்றதல்ல, அந்த மிஷனின் உபதேசங்களோடு உடன்படாதவர்கள் ஏராளம். ஆனால் பரம்பரைச் சொத்தாகிவிடும் ஆபத்தைத் தொடக்கத்திலேயே யோசித்தார்கள் என்பதை மறுக்க முடியாது. கட்டிடம் நிறுவனரோடு போவதில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயம் நிற்கிறது. போர்ச்சுக்கீசியக் கத்தோலிக்கர் கட்டியது. 1663இல் டச்சுச் சீர்திருத்தச் சபையிடம் போயிற்று, 1804இல் ஆங்கிலிக்கன் சபையிடம், 1947க்குப் பின் தென்னிந்தியத் திருச்சபையிடம். கட்டியவர்களின் விருப்பத்தைச் சுவர்கள் கேட்கவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு எதிர்வாதத்துக்கு நேராக முகம் கொடுக்க வேண்டும். தகுதிக்குப் பழைய சபையும் சாட்சி சொல்ல வேண்டும் என்றால், பழைய சபை மிதித்தவர்கள் என்ன செய்வார்கள்? இரவிபேரூரின் பொய்கையில் யோகன்னான் பறையர் குலத்தில் பிறந்தவர். மார்த்தோமா சபையிலும் பிறகு மற்றச் சபைகளிலும் இருந்து பார்த்தார். எங்கே போனாலும் சாதி கூடவே வந்தது. 1909 வாக்கில் பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையைத் தொடங்கினார். அது கிறிஸ்தவச் சபையாக நீடிக்கவில்லை, தனி வழியாயிற்று. அவரிடம் போய், உங்களை வேறு பெஞ்சில் உட்காரவைத்தவர்களிடம் நற்சாட்சிக் கடிதம் வாங்கி வாருங்கள் என்று சொல்வது அநியாயம்.

நெல்லைச் சீமையிலும் இப்படி ஒருவர் உண்டு. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. நாடார் சமூகத்தைத் தாழ்த்தி எழுதிய மிஷனெரி கால்டுவெல்லின் 1849ஆம் ஆண்டு நூலும், நாசரேத்தில் மிஷனெரியோடு வந்த மோதலும் அவரை வெளியே தள்ளின. 1857இல் வெள்ளைக்கார மிஷனெரியின் கையை எதிர்பாராத ஒரு சபையை உண்டாக்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், சொந்த வழிபாட்டு முறை. நாட்டார் சபை என்று ஊரார் சொல்லும் அது இன்றும் பிரகாசபுரம், முக்குப்பேரி பக்கம் உயிரோடிருக்கிறது. மிஷனெரிகள் அவரை அடங்காப்பிடாரி என்றே பார்த்தார்கள். அந்தத் தீர்ப்பை ஆயத்தத்தின் அளவுகோலாக எடுத்தால், அதிகாரத்தில் இருப்பவர் பிடிக்காதவரையெல்லாம் தகுதியற்றவர் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே அளவுகோலைச் சற்று மாற்றிப் பிடிக்க வேண்டும். விட்டுவந்த சபையின் அதிகாரிகள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது பல நேரம் அவர்களுடைய நலனையே காட்டும். அவர் அந்தச் சபையின் சாதாரண மக்களை என்ன செய்கிறார் என்பது அவரைக் காட்டும். அவர்களை இழுத்துவர வீடு வீடாகப் போகிறாரா? ஊழியக்காரர்கள் ஆடு திருடுதல் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வேலை அது. மற்றவர் போட்ட அஸ்திவாரத்தின்மேல் கட்டுவதில்லை என்று பவுல் ரோமருக்கு எழுதியதை நினைக்காத போதகர் இல்லை. ஆனாலும் புதுச் சபையின் முதல் ஐம்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கும். வராதவர்களைப் பற்றி மேடையில் என்ன பேசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அடித்தளத்தில் இருந்தவருக்குத் தன்னை மிதித்தவர்களைக் கண்டித்துப் பேச எல்லா உரிமையும் உண்டு. பக்கத்து வீட்டு விதவை பழைய கோயிலுக்கே போகிறாள் என்பதற்காக அவளைக் கண்டிக்க அவருக்கு உரிமையில்லை.

இருந்தே திருத்தினால் என்ன என்ற கேள்வியும் உண்டு. பெரிய சபையின் பாதிரியாரான மாராமண்ணின் ஆபிரகாம் மல்பான் அப்படித்தான் செய்தார். 1836இல் சீர்திருத்தம் கோரி மனு கொடுத்தார். தம் கோயிலில் மலையாளத்தில் குர்பானா வழிபாடு நடத்தினார். விலக்கப்பட்டும் தனிச் சபை அறிவிக்காமல் 1845இல் இறந்தார். அவர் தரப்பாரும் பழைய தரப்பாரும் நீதிமன்றத்தில் பத்து வருடம் மோதி, 1889இல் வந்த தீர்ப்பில் செமினாரியும் பெரும்பாலான சொத்தும் கைவிட்டுப் போன பிறகே மார்த்தோமா சபை தனித்து நின்றது. இருப்பதும் மலிவான வழியல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் அரை நூற்றாண்டு அந்த மக்களுக்கு என்ன நம்புகிறோம், எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவகாசம் கிடைத்தது. சொத்தெல்லாம் போனபோதும் கலைந்து போகவில்லை.

தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ இன்று வீட்டு ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்து, சபையாகப் பதிவு செய்யலாமா என்று யோசிக்கும் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் செய்ய வேண்டியவை அதிகம் பேசப்படாத சின்ன வேலைகள். தன்னைப் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரத்தைத் தன் வேலைக்காரரும் உறவினரும் அல்லாத மூவரிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் ஆண்டவர் பேசுவதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும். பழைய சபையின் பாக்கி இருந்தால் கட்டிவிட வேண்டும். அதன்பின் அந்த ஆயரைப் போய்ப் பார்க்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை, வாதாட வேண்டியதுமில்லை. நாங்கள் போகிறோம், இன்னின்ன காரணம், உங்கள் மக்களை அழைக்க வரமாட்டேன், எங்களில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் உங்கள் வாசலுக்கு வருவோம், உங்கள் வீட்டில் விழுந்தால் நாங்களும் வருவோம் என்று சொல்ல வேண்டும். கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பினால், இன்னொரு நாள் போக வேண்டும். அந்த இரண்டாவது முறை போக மனம் இல்லாதவர் பெயர்ப்பலகைக்கு இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து ஆர்டர் கொடுக்கலாம்.